ஒரு பிள்ளைக்கு நான் போட்ட டூட்டி

ஞாயிறு பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களே, நல்ல வார்த்தை நாலு சொல்லி ஆசீர்வதித்துவிட்டுப் போங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டீர்கள். நானும் அதற்குத்தான் கிளம்பினேன். வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த அட்டவணையைத் திறந்து பார்த்தேன். நாற்பது நாள் ஜெபச் சவால். காலையில் எழுந்து ஜெபித்த பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். அடியில் ஒரு வரி: நீ ஜெபித்தால் உன் வீட்டுக்கு ஒரு தீங்கும் வராது.

இந்த வரியை எழுதியது யார் என்று கேட்கப் போவதில்லை. பல வருஷத்துக்கு முன்னால் இதே சபையில், இதே வரியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் எழுதியவள் நான். அதனால் ஆசீர்வாதம் இன்றைக்கு இல்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது. முதல் கோபம் என் மேல். உங்கள் மேல் இருப்பது அதற்கு அடுத்தது.

நான் வாரத்தில் ஆறு நாள் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வண்டிக்குப் போகும் பாகங்களை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பிள்ளைகளுக்கு வேதம் சொல்வேன். அங்கே காட்டிய கவனத்தில் பாதிகூட இங்கே காட்டவில்லை. இரும்பை உரசி உரசிப் பார்த்த நான், பிள்ளைகளின் வாயில் போடுவதைப் பார்க்காமல் போட்டேன்.

நம் சபைப் பிள்ளைகளின் அப்பாக்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ரோலிங் மில், பிரஸ் ஷாப், உருக்காலை. பெரும்பாலும் கான்ட்ராக்ட். பைபாஸில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பும். அந்தப் பயத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தைரியம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு, பாடத்துக்கு நடுவில், என் வாயில் தானாகவே வந்தது: “உங்க அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க எழுந்து ஜெபம் பண்ணிட்டீங்கன்னா, அவர் மேல ஒரு கீறல்கூட விழாது.”

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும்போது நம் நாக்குக்கு ஒரு போதை ஏறும். அந்தப் போதையில் சொன்னேன். அடுத்த வாரமே அந்த வரியை எழுதி, நாளுக்கு ஒரு கட்டம் போட்ட அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் நட்சத்திரம் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெற்றோர் கைதட்டினார்கள். ஆயர் மேடையில் வைத்துப் பாராட்டினார்.

ரூபி என்று ஒரு பெண். மூன்றாம் வகுப்பு. அவள் அப்பா சாலமோன் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டில் சாலமோனின் வலது கை மெஷினுக்குள் போய்விட்டது. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கேட் பக்கம் நிற்கும்போது, கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: “அந்த ஊட்ல இன்னாவோ மறைஞ்ச பாவம் கீது. ஆண்டவர் சும்மாவா அடிப்பாரு?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பெரியவர் ஆயிற்றே, எதற்கு வம்பு என்று நகர்ந்துவிட்டேன். கூடையில் வாங்கி வைத்திருந்த கறி வீணாகிவிடும் என்றுகூட ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

நாலு ஞாயிறு ரூபி வகுப்புக்கு வரவில்லை. சாலமோனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மதியம் மூன்று மணிக்குப் பார்க்கப் போனேன். சிப்காட் சுவருக்குப் பின்னால் வரிசை வீடு. சாலமோன் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்வி எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ரூபி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால். வலது கை மடியில், பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்தது. சாம்பார் சோறு பாதி தட்டிலும் பாதி தரையிலும் கிடந்தது.

“அவ நைனா மாதிரி செஞ்சிக்கினு கீறா டீச்சர்,” என்றாள் செல்வி. “ஆஸ்பத்திரில அவரைப் பாத்துட்டு வந்ததுல இருந்து இப்படித்தான். ஸ்கூல்லகூட எடது கையாலதான் எழுதறாளாம். மிஸ் கூப்புட்டு ஒரே திட்டு. எனக்கு இருக்கற பேஜார்ல, வெளையாட்டுன்னு உட்டுட்டேன்.”

விளையாட்டாகத் தெரியவில்லை எனக்கு. விளையாடுகிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். இவள் யாரையும் பார்க்கவில்லை.

கை கழுவ அவள் பின்பக்கம் போனபோது நானும் போனேன். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, “கை வலிக்குதா கண்ணு?” என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்புறம் உள்ளே ஓடிப்போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தாள். நான் கொடுத்த அட்டை. எட்டாக மடித்திருந்தது. விரித்து, ஒரு கட்டத்தைக் காட்டினாள். மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் சிவப்பு. அது மட்டும் நீலம்.

“அன்னிக்கு நான் எழுந்திரிக்கல டீச்சர். தூங்கிட்டேன். எழுந்து பாத்தா நைனா போயிட்டாரு. அப்பால நானே ஸ்டார் போட்டுக்கினேன்.”

அது அந்தச் செவ்வாய்க்கிழமை.

“என் கைய எடுத்துக்கினு நைனாவுக்குக் குட்த்துடுங்கன்னு தெனம் கேக்கறேன். ஆண்டவர் எடுத்துக்கவே மாட்றாரு. அதான் நானே அதை யூஸ் பண்றதில்ல.”

எட்டு வயசுப் பிள்ளை அழவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போலச் சொன்னாள்.

இந்த இடத்தில் நன்றாகக் கவனியுங்கள். முதல் தப்பைத் தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தப்பைச் செய்தது இந்த நிமிஷத்தில்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற அவசரம். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “கர்த்தர் உன்னை மன்னிச்சிட்டார் கண்ணு,” என்றேன்.

அவள் என் கையிலிருந்து விலகி நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப நான்தான?”

அவ்வளவுதான் கேட்டாள். மன்னிப்பு என்றால் குற்றம் இருக்கிறது என்று அர்த்தம். அது அவளுக்குப் புரிந்தது. முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற எனக்குப் புரியவில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று தீர்ப்பை எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன். இல்லை கண்ணு, இல்லை கண்ணு என்று உளறினேன். அவள் அட்டையை மறுபடியும் எட்டாக மடித்தாள். நான் செல்வியிடம் சொல்லிக்கொள்ளாமல்கூட வெளியே வந்துவிட்டேன்.

நேராக உபதேசியாரிடம் போனேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இருந்தவரை தன் பெயரை எங்கேயும் போட விட்டதில்லை. மூன்று ஊர்ச் சபைகளைப் பழைய டி.வி.எஸ். வண்டியில் சுற்றி வந்து பார்த்துக்கொண்ட மனிதர். கோயிலுக்குப் பின்னால் வண்டியின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை.

“ஒரு கீறல் விழாதுன்னு உனக்கு யாரு சொன்னது?” என்று கேட்டார்.

“வேதத்துல, சங்கீதத்துல அந்த மாதிரி இருக்குதே ஐயா. தீங்கு அணுகாதுன்னு.”

“கீது. அதே சங்கீதத்தை ஒருத்தன் ஆண்டவர்கிட்டயே எடுத்துச் சொன்னான். கோபுரத்து உச்சியில நிக்க வச்சிக்கினு, குதி, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னான். அது யாருன்னு ஞாபகம் கீதா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. “சாத்தான்,” என்றேன்.

“நம்பி ஒருத்தன் பாடுன பாட்டு அது. நீ அதை எடுத்து ஒரு பச்சப் புள்ளைக்கு டூட்டி போட்டுட்ட. அப்பன் கையைக் காப்பாத்தற டூட்டி. அதுவும் காலங்காத்தால. கம்பெனிக்காரன்கூட எட்டு வயசுல ஆள் எடுக்க மாட்டாம்மா.”

அவர் குரல் உயரவில்லை. எனக்கு அறை வாங்கினது போல இருந்தது.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் வேதத்தை எடுத்து வந்தார். பிறவியிலேயே கண் தெரியாத மனிதனின் கதையை எடுத்து, படி என்றார். எனக்குத் தெரிந்த கதை. இரண்டு முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இயேசு கண்ணில் பூசிய சேறு, அவன் போய்க் கழுவிய குளம், கண் திறந்தது. பாடப் புத்தகத்தில் வண்ணம் தீட்டப் படம்கூட உண்டு.

“கதையைச் சொல்லாத. எழுதியிருக்கறதைப் படி. மொத வரியில இருந்து.”

படித்தேன். இந்த மனிதன் குருடனாகப் பிறக்க யார் பாவம் செய்தது, இவனா, இவனைப் பெற்றவர்களா என்று இயேசுவிடம் அவருடைய சீஷர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்கிறார் இயேசு. சேறும் குளமும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன.

“புக்குல இந்தக் கேள்வி கீதா?” என்றார்.

அலமாரியைத் திறந்து பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். இல்லை. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. சிறு பிள்ளைகளுக்குக் கடினம் என்று யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து அதை வெட்டியிருக்கிறார்கள். மேலே சூரியனும் இரண்டு பறவைகளும் வரைந்திருக்கிறார்கள். ரூபிக்கு அந்த அதிகாரத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரே வரி. அதைத்தான் எடுத்திருந்தார்கள். எடுத்ததைக் கவனிக்காமல் இரண்டு வருஷம் நடத்தியவள் நான்.

“போய் அந்தப் புள்ளைக்குப் படிச்சிக் காட்டு,” என்றார் உபதேசியார். “அவ நைனா முழிச்சினு இருக்கும்போது படி. பதிலுக்கு அடுத்தாப்புல, தேவனோட கிரியை இவன்கிட்ட வெளிப்படறதுக்குன்னு ஒண்ணு வருது பாரு, அதையும் படி. அது எனக்கே முழுசாப் புரியல. உனக்கும் புரியலன்னா புரியலன்னு சொல்லு. அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபுடிச்சி மறுபடியும் அந்தப் புள்ள தலையில கட்டாத.”

மறுநாள் வேலை விட்டதும் யூனிஃபார்மோடு போனேன். சாலமோன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரூபியையும் செல்வியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். முதலில், நான் கொடுத்த அட்டையைப் பற்றி சாலமோனிடம் சொன்னேன். ரூபி ஏன் வலது கையைப் பயன்படுத்துவதில்லை என்று சொன்னேன். அவள் முன்னாலேயே சொன்னேன். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைச் சாலமோன் பார்த்த பார்வைக்கு, அவர் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு படித்தேன். ஒரு வார்த்தையையும் சுருக்கவில்லை. சீஷர்கள் கேட்ட கேள்வி வந்ததும் ரூபி நகத்தைக் கடிப்பதை நிறுத்தினாள். பதிலைப் படித்து நிறுத்தினேன்.

“இன்னொரு வாட்டி படிங்க டீச்சர்.”

படித்தேன்.

“ரெண்டு பேருமே இல்லியா?”

“ரெண்டு பேருமே இல்ல.”

“நீங்க சொல்றீங்களா, அதுல போட்டுகீதா?”

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் வார்த்தைக்கு அவளிடம் மதிப்பு போய்விட்டது. நியாயம்தான். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி அவளே படித்தாள். அடுத்து வந்த வரியையும் படித்தாள். “இதுக்கு இன்னா அர்த்தம்?” என்றாள். எனக்கு முழுசாகப் புரியவில்லை, உபதேசியாருக்கும் புரியவில்லை என்றேன். அதை அவள் எளிதாக ஏற்றுக்கொண்டாள். பெரியவர்கள்தான் அதற்குப் பயப்படுகிறோம்.

“அப்ப மெஷினு ஏன் வெட்டுச்சு?”

நான் பதில் தேடுவதற்குள் சாலமோன் பேசினார்.

“கை உள்ள போனா மெஷினு நிக்கறதுக்கு ஒரு சென்சார் கீது கண்ணு. அது அடிக்கடி நிறுத்துது, புரொடக்‌ஷன் கொறையுதுன்னு ஆஃப் பண்ணி வச்சிட்டானுங்க. மூணு வாட்டி சொன்னேன். பாத்து ஓட்டுன்னானுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜரு எல்லாம் கடவுள் சித்தம்னு சொல்லிட்டுப் போறான்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “நீ தூங்கிட்ட, அவ்ளோதான். அவனுங்க முழிச்சிக்கினேதான ஆஃப் பண்ணானுங்க?”

ரூபி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெதுவாகக் கோணியது. நான் பார்த்து அன்றைக்குத்தான் அவள் அழுதாள். சாலமோன் நல்ல கையால் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். செல்வி சோறு போட்டுக்கொண்டு வந்தபோது, ரூபியிடம், “எனக்குப் பசிக்குது. நீ பெசஞ்சி ஊட்டு. எடது கையால எல்லாம் வாணாம், எனக்கு ஒழுங்கா துன்னணும்,” என்றார். ரூபி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பாவாடையிலிருந்து வலது கையை எடுத்தாள்.

ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பல வாரம் இரண்டு கைக்கும் நடுவில் தடுமாறினாள். இரண்டு மூன்று முறை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் திறந்து அவளையே படிக்கச் சொன்னேன்.

அந்த வார நடுவில் கமிட்டி கூடியது. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் என் தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறேன், அட்டைகளைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்றேன். கேட் பக்கம் பேசிய அதே பெரியவர், “புள்ளைங்க முன்னாடி டீச்சரே தப்புன்னு சொன்னா மரியாதை இன்னா ஆவறது? சைலண்டா நிறுத்திடு, போதும்,” என்றார்.

“அந்த ஊட்ல இன்னா பாவம்னு அன்னிக்குக் கேட்டீங்களே, சீஷர்களும் அதேதான் கேட்டாங்க,” என்றேன். “பதில் அடுத்த வரியிலயே இருக்கு. நீங்க படிக்கவே இல்லியா, படிச்சும் பேசினீங்களா?”

அந்த வருஷத்தோடு என்னை ஞாயிறு பள்ளித் தலைமை ஆசிரியர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சின்ன வகுப்பு மட்டும் எனக்கு மிஞ்சியது. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

ஞாயிறு வந்தது. பிள்ளைகள் முன்னால் நின்று, நான் சொன்னது வேதத்தில் இல்லை, ஆண்டவர் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை, நானாகச் சொன்னேன், தப்பு செய்துவிட்டேன் என்றேன். ஜெபம் பண்ணுங்கள், அப்பாவுக்காகவும் பண்ணுங்கள், ஆனால் அவரைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூபி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ரூபியைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். முதல் வரிசையிலிருந்து கெசியா எழுந்தாள். பதினோரு வயது. ஒரு கட்டம்கூட விடாமல் நட்சத்திரம் போட்டு முதல் பரிசு வாங்கியவள். நான்தான் மேடையில் நிறுத்தி, இவளைப் போல இருங்கள் என்று சொன்னேன்.

“என் அட்டை ஃபுல்லா கீதே டீச்சர்,” என்றாள். “எங்கப்பா அத்திப்பட்டுக்கு வேலைக்குப் போறேன்னு போனாரு. ஏன் இன்னும் ஊட்டுக்கு வரல?”

ஒரு பிள்ளைக்குத்தான் தீங்கு செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் விட்டுப்போனவள் தன்னை வெறுத்தாள். விட்டுப்போகாதவள் இத்தனை நாள் உள்ளுக்குள் ஆண்டவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். மற்றப் பிள்ளைகள் எதை எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்களோ, எனக்குத் தெரியாது. உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் எதைச் சுமக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன். உங்கள் சொந்தச் சரக்கைக் கலக்காதீர்கள். கசப்பாக இருக்கிறது என்று எதையும் எடுத்துப் போடாதீர்கள். எந்த வரி எந்தப் பிள்ளைக்குச் சோறு என்று முன்கூட்டியே தீர்மானிக்க நீங்கள் யார்? நான் யார்?

கெசியா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியலம்மா,” என்றேன். “ஆனா இதையே ஆண்டவர்கிட்ட கேட்டவங்க இதுல இருக்காங்க.”

எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிற சங்கீதத்தைத் திறந்தேன். அதுவும் எங்கள் பாடப் புத்தகத்தில் எந்த வருஷமும் இருந்ததில்லை. கடவுளிடம் அப்படியெல்லாம் பேசலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ. வேதத்தைக் கெசியாவின் கையில் கொடுத்து, நீயே வாசி என்றேன்.

முதல் வரியைத் தயங்கித் தயங்கி வாசித்தாள். இரண்டாவது வரியில் குரல் ஏறியது. வகுப்பில் எப்போதும் பிள்ளைகள் வாசிக்கிற பணிவான குரல் இல்லை அது. கதவைத் தட்டி, தனக்கு வரவேண்டியதைக் கேட்கிறவளின் குரல். பக்கத்துக் கூடத்தில் பெரியவர்களின் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் எட்டிப் பார்த்து, மெதுவாக என்று என்னிடம் சைகை காட்டினார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கெசியா வாசித்துக்கொண்டே இருந்தாள்.